பின்தொடர்பவர் எல்லாம் வாங்குபவர் அல்லர்

(சமூக ஊடகங்களும் புத்தக விற்பனையும் என்ற தலைப்பில், பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு பெண் டிக்டாக்கில் சின்ன வீடியோ ஒன்றைப் போட்டார். அது இருபது விநாடிகூட ஓடாது. அவருடைய அப்பா வீட்டில் தன் மேசைமுன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். அதன்மேல் மகள் எழுதிய சில வரிகள்: அப்பா 14 ஆண்டுகள் ஒரு நாவல் எழுதினார், முழுநேர வேலைக்கும் போய், பிள்ளைகளையும் வளர்த்து, மிச்ச நேரத்தில் எழுதினார், பெரிதாக விற்கவில்லை, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார், கொஞ்சம் விற்றால் நன்றாக இருக்கும். அந்த அப்பாவின் பெயர் லாயிட் டெவரோ ரிச்சர்ட்ஸ். நாவல் 'ஸ்டோன் மெய்டன்ஸ்' என்ற துப்பறியும் கதை, 2012இல் வெளிவந்தது. பத்தாண்டுக்கு மேல் கேட்பாரில்லாமல் கிடந்த அந்த நூல் சில நாட்களுக்குள் அமேசான் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. வீடியோ நான்கு கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது.

அந்த வீடியோவில் கதைச்சுருக்கம் கிடையாது, பிரபலங்களின் பாராட்டுரை கிடையாது, தள்ளுபடி அறிவிப்பு கிடையாது. பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

அதே ஆண்டு மே மாதம் இன்னொன்று நடந்தது. 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் தி டைம் வார்' என்பது அமல் எல்-மொஹ்தாரும் மேக்ஸ் கிளாட்ஸ்டோனும் சேர்ந்து எழுதிய அறிவியல் புனைவு, 2019இல் வந்தது. ஹ்யூகோ, நெபுலா இரண்டு விருதுகளையும் வாங்கியிருந்தது. ஜப்பானிய அனிமே தொடர் ஒன்றின் ரசிகர், முகம் காட்டாத ஒரு ட்விட்டர் கணக்கிலிருந்து, இந்தப் புத்தகத்தைப் பற்றி எதையும் தேடிப் பார்க்காமல் உடனே வாங்கிப் படியுங்கள் என்று ஆவேசமாக எழுதினார். அவ்வளவுதான். நான்கு வருடத்துக்கு முந்தைய நூல், அமேசானில் எல்லா வகைப் புத்தகங்களும் சேர்ந்த பட்டியலிலேயே முதல் பத்துக்குள் ஏறிவிட்டது. இரண்டு பெரிய விருதுகள் கொண்டுபோய்ச் சேர்க்காத இடத்துக்கு ஒரு ரசிகரின் கூச்சல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இவற்றைக் கேட்டதும் நம் பதிப்பாளர் ஒருவருக்கு என்ன தோன்றும்? லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒருவரைப் பிடித்து நம் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவைத்தால் போதும் என்று தோன்றும். அப்படித் தோன்றுவது இயல்பு. அமெரிக்கப் பதிப்பகங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. கையெழுத்துப் பிரதியோடு, உங்களுக்கு இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் என்ற கேள்வியும் அங்கே சேர்ந்துகொண்டது. முன்பணத்தின் அளவைத் தீர்மானிப்பதில் அந்த எண்ணுக்கும் பங்கு வந்தது.

அந்த எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்பது 2021இல் வெட்டவெளிச்சமானது. பாடகி பில்லி ஐலிஷின் படப்புத்தகம் அந்த ஆண்டு மே மாதம் வெளிவந்தது. அப்போது அவரை இன்ஸ்டாகிராமில் மட்டும் பின்தொடர்ந்தவர்கள் ஏறத்தாழ 9.7 கோடி பேர். பதிப்பகம் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து உரிமை வாங்கியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட கட்டுரையின்படி அதுவரை விற்ற அச்சுப் பிரதிகள் சுமார் 64,000. வகுத்துப் பாருங்கள்: பின்தொடர்ந்த 1,500 பேரில் ஒருவர் வாங்கியிருக்கிறார். ஐந்து கோடிக்கும் மேலானோர் பின்தொடர்ந்த பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கின் நூல், 2018இல் வந்து மூன்றாண்டுகளில் சுமார் ஒரு லட்சம் பிரதிகள்தான் போயிருந்தது. வேறோர் எழுத்தாளருக்கு ஒரு லட்சம் பிரதி பெரும் வெற்றி. கொடுத்த முன்பணத்தோடு வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

ஆக, முன்பின் தெரியாத ஒரு மகளின் வீடியோ புத்தகத்தை விற்கிறது. உலகப் பாடகியின் கணக்கு விற்க மறுக்கிறது. ஏன்?

பாடகியைப் பின்தொடர்பவர் பாட்டுக்காக வந்தவர். அவருக்குப் பாட்டும் படமும் ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கொடுத்து ஒரு புத்தகம் வாங்கி, அதனோடு பல மணி நேரம் உட்காரும் எண்ணம் அவருக்கு இல்லை. டிக்டாக்கில் புத்தகம் பேசும் பகுதியான 'புக்டாக்'கில் உலவுபவரோ அடுத்து எதைப் படிக்கலாம் என்று தேடிக்கொண்டே வந்தவர். அங்கே இன்னொரு வாசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கடைசி அத்தியாயம் என்னை என்ன செய்துவிட்டது பாருங்கள் என்று காட்டினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. விற்பதால் இவருக்கு லாபம் எதுவும் இல்லை என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. பழைய ஃபேஸ்புக்கில் நீங்கள் எழுதுவது பெரும்பாலும் உங்கள் நண்பர்களுக்குப் போகும். டிக்டாக்கும், அதைப் பார்த்து வந்த இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், யூடியூப் ஷார்ட்ஸும் அப்படி இயங்குவதில்லை. ஒரு வீடியோவை முதலில் சிலருக்குக் காட்டும். அவர்கள் கடைசிவரை பார்த்தார்களா, திரும்பப் பார்த்தார்களா, இன்னொருவருக்கு அனுப்பினார்களா என்று கவனிக்கும். ஆம் என்றால் மேலும் பலருக்குக் காட்டும். போட்டவருக்குப் பத்துப் பேர்தான் பின்தொடர்பவர்கள் என்பது பெரிய தடையாகாது. பதிப்பகத்தின் கணக்கில் வரும் 'எமது புதிய வெளியீடு, விலை ரூ. 300' என்ற அட்டைப்படத்தை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, யாருக்கும் அனுப்புவதுமில்லை. அதனால் அது அங்கேயே நின்றுவிடுகிறது.

இங்கே பதிப்பாளர்கள் கவனிக்கவேண்டிய விஷயம், இப்படி எழுந்த நூல்களில் பல பழைய நூல்கள் என்பது. மேடலின் மில்லரின் 'தி சாங் ஆஃப் அகிலீஸ்' 2012இல் ஆரஞ்சு பரிசு பெற்றது. 2021இல் புக்டாக் அதைக் கையில் எடுத்தபோது வாரத்துக்குச் சுமார் 10,000 பிரதிகள் விற்றது. பரிசு கிடைத்த காலத்து விற்பனையைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. காலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2016இல் வந்த நாவல். அது உச்சத்தைத் தொட்டது 2022இல். அந்த ஆண்டு ஒரு கட்டத்தில் நியூயார்க் டைம்ஸின் பேப்பர்பேக் புனைகதைப் பட்டியலில் முதல் பத்து இடங்களில் ஆறு ஹூவருடையவை. 2012இல் தன் முதல் நாவலைத் தானே வெளியிட்டவர் அவர்.

இந்த அலையைப் பதிப்பகங்கள் உருவாக்கவில்லை. வந்தபோது தாங்கிப் பிடித்தன, அதுதான் அவற்றின் பங்கு. ஹூவரின் பழைய நாவல் மலிவுப் பதிப்பாக அச்சில் இருந்தது. கேட்டவுடன் மறு அச்சுக்குப் போக முடிந்தது. பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகள் வாசலருகே 'புக்டாக்' மேசை போட்டு, வீடியோவில் பார்த்த நூல் கையில் படும்படி அடுக்கின. 'ஸ்டோன் மெய்டன்ஸ்' நாவலின் பதிப்பாளர் யார் என்று பாருங்கள்: அமேசானின் சொந்தப் பதிப்புப் பிரிவு. மின்னூல் ஒரே கிளிக்கில் இறங்கியது. அந்த மகளின் வீடியோ வந்த வாரம் நூல் 'இருப்பு இல்லை' என்று காட்டியிருந்தால், நான்கு கோடி முறை பார்க்கப்பட்டும் அப்பாவுக்குப் பயன் இருந்திருக்காது.

எழுத்தாளரே உழைத்துத் தனக்கென வாசகர் கூட்டத்தைச் சேர்த்த கதைகளும் உண்டு. ஜான் கிரீன் தன் தம்பி ஹேங்குடன் சேர்ந்து 2007இல் யூடியூபில் வீடியோக்கள் போடத் தொடங்கினார். அண்ணன் தம்பி இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் கடிதம் போன்ற வீடியோக்கள் அவை. புத்தகம் விற்பதற்காகத் தொடங்கியவை அல்ல. நான்கு ஆண்டுகள் கழிந்து, 2011 ஜூனில், தன் அடுத்த நாவலின் பெயரை அறிவித்தார்: 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. முதல் பதிப்பின் எல்லாப் பிரதிகளிலும் கையெழுத்திடுவேன் என்றும் சொன்னார். அறிவித்த வேகத்தில், அச்சுக்கே போகாத நூல் அமேசானிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிளிலும் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வெளியீட்டுக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. முதல் பதிப்பு 1,50,000 பிரதிகள் என்று பதிப்பகம் முடிவு செய்தது. சொன்ன சொல்லுக்காக மனிதர் ஒன்றரை லட்சம் தாள்களில் கையெழுத்துப் போட்டார். எந்த வண்ணப் பேனாவில் போடுவது என்பதிலும் வாசகர்கள் வாக்களித்தார்கள்.

பிராண்டன் சாண்டர்சனின் கதையும் இந்த வகைதான். 2022 மார்ச்சில் அவர் யூடியூபில் தோன்றி, ஊரடங்குக் காலத்தில் யாருக்கும் சொல்லாமல் நான்கு நாவல்கள் எழுதிவிட்டேன், நேரடியாக உங்களுக்கே தருகிறேன் என்றார். வாசகரிடமே நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் அவர் கேட்டது பத்து லட்சம் டாலர். வந்தது 4.17 கோடி டாலர். பணம் கட்டியவர்கள் 1,85,341 பேர். இதை ஒரு வீடியோவின் வெற்றி என்று சொல்வோர் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் தான் நடத்தும் படைப்பெழுத்து வகுப்புகளை அவர் யூடியூபில் இலவசமாகப் போட்டார். எந்த நாவல் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று தன் இணையதளத்தில் காட்டி வந்தார். 2020இல் ஒரு தோல் அட்டைப் பதிப்புக்கு இதே முறையில் சுமார் 68 லட்சம் டாலர் திரட்டி, சொன்னபடி அனுப்பியும் காட்டினார். முன்பணம் கட்டியவருக்குப் புத்தகம் ஒழுங்காக வந்து சேர்ந்ததுதான் இரண்டாவது முறைக்கான விளம்பரம்.

வாசகர் கூட்டம் கைதட்டுவது போலவே கோபமும் கொள்ளும். 2023 ஜனவரியில் ஹூவரின் பதிப்பகம் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' நாவலுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றை அறிவித்தது. கணவன் மனைவியை அடிப்பதைப் பற்றிய நாவல் அது. இதில் எந்தக் காட்சிக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறீர்கள் என்று, நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே வாசகர்கள் கேட்டார்கள். ஹூவர் வருத்தம் தெரிவித்தார். திட்டம் உடனே கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், சைபீரியாவில் நடக்கும் கதை ஒன்றை எழுதியிருப்பதாக அறிவித்தார். உக்ரைன் போர் நடக்கும்போது ரஷ்யக் கதையா என்று, வாசகர்கள் நூல்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். நூலை அவர்களில் யாரும் படித்திருக்க வழியில்லை. வெளியீட்டுக்குப் பல மாதம் இருந்தது. கில்பர்ட் வெளியீட்டை நிறுத்திவைத்தார். 2023 டிசம்பரில் ஓர் அறிமுக எழுத்தாளர், பொய்க் கணக்குகள் தொடங்கித் தன் சக அறிமுக எழுத்தாளர்களின் நூல்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவந்தது வெளியே வந்தது. பதிப்பகம் அவர் நூலையே கைவிட்டது. நட்சத்திரங்களைப் பார்த்துப் புத்தகம் வாங்குபவர்கள் இதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம்.

இணையத்தில் வாசகரைத் தேடும் முயற்சி இந்தியாவில் புதிதல்ல. 2010இல் அமிஷ் திரிபாதியின் 'தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலூஹா' வந்தபோது, முதல் அத்தியாயத்தைத் தனியே அச்சடித்துப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார்கள்; சினிமா முன்னோட்டம் போல ஒரு வீடியோ எடுத்து, தவுஃபிக் குரேஷியின் இசையோடு யூடியூபில் போட்டார்கள். வரிசையாகப் பல பதிப்பாளர்கள் நிராகரித்த கதை அது. எழுதியவர் வங்கித் துறையில் இருந்தவர். கடையில் நிற்பவருக்கும் கணினி முன் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் ருசி காட்டவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழில் இதைவிடப் பெரிய சான்று 'வெண்முரசு'. 2014 ஜனவரி 1 அன்று ஜெயமோகன் மகாபாரதத்தை நாவல் வரிசையாகத் தன் இணையதளத்தில் எழுதத் தொடங்கினார். நாளுக்கு ஓர் அத்தியாயம், இலவசம். 2020 ஜூலையில் முடிந்தபோது 26 நாவல்கள். கூடவே வாசகர் கடிதங்களும் விவாதங்களும் வந்துகொண்டிருந்தன. இணையத்தில் சும்மா கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற கேள்வி அப்போது எழத்தான் செய்தது. கெட்டி அட்டையில், ஓவியங்களுடன், விலை கூடிய செம்பதிப்புகளை முன்பதிவு செய்து வாங்கினார்கள். வாங்கியவர்களில் பலர் ஏற்கெனவே திரையில் படித்து முடித்தவர்கள்.

திருவண்ணாமலையில் பவா செல்லதுரை உட்கார்ந்து கதை சொல்கிறார். பெரும்பாலும் பிறர் எழுதிய கதைகள். சுருதி டிவி போன்ற யூடியூப் சேனல்கள் அப்படிப்பட்ட நிகழ்வுகளையும் நூல் வெளியீட்டுக் கூட்டங்களையும் முழுதாகப் பதிவு செய்து போடுகின்றன. கூட்டத்தில் நூறு பேர் கேட்ட கதையை, துபாயிலும் டொரண்டோவிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் தமிழர் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார். அந்தக் கதையின் ஆசிரியர் பெயரும் தொகுப்பின் பெயரும் அவருக்குப் போய்ச் சேர்கின்றன. அடுத்த நிமிடம் அவர் அந்தத் தொகுப்பைத் தேடுவார். தேடும் இடத்தில் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் சிக்கல் அங்கேதான். ஒரு காலத்தில் தமிழில் முதல் பதிப்பு 1,000, 1,200 பிரதிகள் என்பது சாதாரணம். நூலக ஆணையை நம்பி அச்சிட்டார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்து, 100 பிரதியிலும் ஒரு பதிப்பைத் தொடங்கலாம் என்றாகிவிட்டது. குடோனில் பணம் முடங்காது, நல்லது. ஆனால் பேச்சு கிளம்பும் வாரத்தில் அந்த நூறும் தீர்ந்திருக்கும். அடுத்த நூறு வருவதற்குள் பேச்சு வேறு நூலுக்குப் போயிருக்கும். கோப்பும் அட்டையும் தயாராக இருக்கும்போது மறு அச்சுக்கு ஏன் மூன்று வாரம் ஆகிறது என்பதை அச்சகத்தோடு முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டும். மின்னூல் இருந்தால் வெளிநாட்டு வாசகரை அந்த இடைவெளியில் இழக்க வேண்டியதில்லை. கிண்டிலில் தமிழ் நூலை வெளியிடும் வசதி வந்து பல ஆண்டுகளாகிவிட்டன.

விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எடுத்துக்காட்டுக்காகத்தான். 300 ரூபாய் நூலை, பத்து சதவீதக் கழிவு கொடுத்து, 270 ரூபாய்க்கு நேரடியாக விற்கிறீர்கள். அச்சுச் செலவு 90. எழுத்தாளர் ராயல்டி 30. பார்சலும் கூரியரும் 50. கையில் நிற்பது 100 ரூபாய். ஃபேஸ்புக் விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு 4 ரூபாய் என்றால், நூறு பேரை உங்கள் பக்கத்துக்கு வரவைக்க 400 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 472. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், விளம்பரத்துக்குக் கட்டிய இந்த வரியைப் பதிப்பாளர் எதிலும் கழித்துக்கொள்ள முடியாது. நூறு பேரில் மூன்று பேர் வாங்கினால் ஒரு பிரதிக்கு விளம்பரச் செலவு 157 ரூபாய். பிரதிக்கு 57 ரூபாய் நட்டம். ஐந்து பேர் வாங்கினால் ஐந்து ரூபாய் மிஞ்சும். அதுவும் வாடகை, சம்பளம் போகாமல். எனவே பணம் கட்டும் விளம்பரம் ஒற்றை நாவலுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. 2,000 ரூபாய்த் தொகுதிக்கும், முன்வெளியீட்டுத் திட்டத்துக்கும், ஐந்து நூல் சேர்ந்த கட்டுக்கும் கட்டுப்படியாகலாம்.

அனுப்பும் செலவு இந்தக் கணக்கை இன்னும் கனமாக்கியது. புத்தகங்களுக்கென்று சலுகைக் கட்டணத்தில் இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல்துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ஃபேஸ்புக்கில் பார்த்து, ஜிபேயில் பணம் போட்டு, வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்பும் வாசகரை நம்பி இயங்கும் சிறு பதிப்பகத்துக்கு அது நேரடி அடியாக விழுந்தது.

தளமும் நமதல்ல. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் பல லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். உலகத்தில் புக்டாக் அலை எழுந்தது அதற்குப் பிறகுதான். அந்த அலை நமக்கு ரீல்ஸ் வழியாகத்தான் வந்தது. நாளைக்கு ரீல்ஸும் தன் விதிகளை மாற்றலாம். அதனால் வாங்கியவரின் பெயரும் எண்ணும், அவர் சம்மதத்தோடு, பதிப்பகத்தின் சொந்தப் பதிவேட்டில் இருக்கவேண்டும். சாண்டர்சனை யூடியூப் கைவிட்டாலும் அந்த 1,85,341 பேரின் முகவரி அவரிடம் இருக்கிறது.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும். 1977இல் தொடங்கிய அந்தக் காட்சியை ஒட்டியே தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுக் கணக்கு நடக்கிறது. டிசம்பர் முழுக்க நம் ஃபேஸ்புக்கில் அட்டைப்படங்களாகக் கொட்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கூவுவதால் யார் குரலும் கேட்பதில்லை. வரும் ஆண்டுக்குச் சிறு பதிப்பகம் ஒன்று செய்துபார்க்கக்கூடிய சில வேலைகள் உண்டு. நாற்பது புதிய நூல்களுக்கும் ஒவ்வொரு பதிவு போடுவதற்குப் பதிலாக, ஏற்கெனவே வாசகர் பேசிக்கொண்டிருக்கும் பழைய நூல்கள் மூன்றை எடுத்து மறு அச்சுப் போட்டு வைக்கலாம். வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்பே இருபது வாசகர்களுக்குப் பிரதி கொடுக்கலாம்; பிடிக்கவில்லை என்று எழுதவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லியே கொடுக்கலாம். எழுத்தாளரைத் தன் நூலின் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யலாம். அரங்கில் பில் போடும் தம்பி ஒவ்வொருவரிடமும், இந்தப் புத்தகத்தைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டு நோட்டில் குறித்து வைக்கலாம். இரண்டு வாரம் முடிந்ததும் அந்த நோட்டைப் பிரித்தால் எந்த நூலுக்கு ரீல்ஸ் உதவியது, எதற்குப் பவாவின் குரல் உதவியது, எதற்கு நாளிதழ் மதிப்புரை உதவியது என்று தெரியும். அடுத்த ஆண்டுச் செலவை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யலாம்.

அந்தக் கேள்வியை இப்போதே தங்கள் அரங்கில் கேட்டுவருபவர்கள் இந்த அவையில் இருந்தால், முதலில் அவர்கள் பேசட்டும். மற்றவர்களின் கேள்விகளை அதன்பின் எடுத்துக்கொள்வோம்.